குட்டிப்பயலின் பெயர் என் வாயில்

“சாயங்காலம் வரைக்கும் இந்த அடுப்படிப் பக்கம் உன் தலை தெரியக்கூடாது. போய்யா வெளியில,” என்றாள் அம்மா.

அப்பா நகரவில்லை. புதுச் சவரம். பெரிய அக்கா கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. கழுத்தில் டை. கக்கத்தில் ஒரு பெட்டி சாக்லேட். பிப்ரவரி முதல் தேதி புனித டிரிஃபோனஸின் நாள் என்பதால் என் அப்பா டிரிஃபோனஸுக்கு இன்று பெயர்நாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். வாழ்த்துகிறவர் வாயில் பெயர்நாள்காரர் எதையாவது இனிப்பாகப் போட்டாக வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

“எங்க போறது ஆர்கிரோ? ஞாயித்துக்கிழமை. எல்லாம் பூட்டிக் கிடக்கு.”

“பிள்ளைங்களோட போ. அந்த வெளியூர்ப் பொண்ணு அக்ரோபோலிஸ் ஏறணும்னு சொல்லுதே. இன்னைக்கு டிக்கெட்டும் வாங்க வேண்டாம், இலவசம்.”

“நான் அங்க ஏறினதே இல்லையே.”

“நாப்பது வருஷமா அதைச் சுத்தி வண்டி ஓட்டினவன் ஒரு தடவை ஏறினா ஒண்ணும் குறைஞ்சிடமாட்ட. அடுப்புல கறி இருக்கு. கிளம்பு.”

அப்பா, தலைக்குமேல் மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலி பேருந்தின் ஓட்டுநர். ஓய்வு பெற்ற பிறகும் கம்பியில்லாத தெருவில் நடந்தால் அவருக்கு வழி தவறிவிட்டது போலிருக்கும். அன்றைக்கு எங்களோடு வரக் கூடாத ஒரே ஆள் அவர்தான். வந்தார்.

ஏன் வரக் கூடாது என்பதற்குக் குட்டிப்பயலின் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

குட்டிப்பயல் என் பெரிய அக்கா ஸஃபிரியாவின் இரண்டாவது மகன். தவழ ஆரம்பித்துவிட்டான், இன்னும் பெயர் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே பெயரைச் சொல்லும் வரை எங்கள் பக்கத்தில் எல்லாக் குழந்தையும் குட்டிப்பயல்தான். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். முதல் மகனுக்கு மாமனார் பெயர் போய்விட்டது, அது முறை. இரண்டாவது மகனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், அதுவும் முறை. ஆகவே அப்பா காபிக்கடை முழுக்க, டிப்போ முழுக்க, மாடிப்படியில் பால் வாங்க இறங்குகிறவர்கள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார், “அடுத்த வாரம் இந்த வீட்ல ரெண்டு டிரிஃபோனஸ்.”

போன வாரம் அக்கா என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, “அவன் பேர் ஃபீவோஸ்,” என்றாள். அப்பாவிடம் யார் சொல்வது என்று கேட்டேன். “நீ. நீதானே படிச்சவ. நீதானே ஞானத்தாய். பாதிரியார் கேட்டா பேரைச் சொல்லப்போறவ நீதானே.”

மூன்றும் உண்மை. எங்கள் வம்சத்தில் பல்கலைக்கழகப் படியேறியவள் நான் ஒருத்திதான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இப்போது ஒரு தொலைபேசிப் புகார் மையத்தில் உட்கார்ந்து, யாரோ வாங்கிய துணி துவைக்கும் இயந்திரத்துக்காக யாரோ திட்டுவதைக் கேட்கிறேன். ஆனால் வீட்டில் கெட்ட செய்தி சொல்ல ஆள் தேவைப்பட்டால் உடனே எல்லோருக்கும் என் பட்டம் நினைவுக்கு வந்துவிடும்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று அவர் பெயர்நாள். இன்று எப்படிச் சொல்வது?

* * *

லியேனே கீழே வாசலில் காத்திருந்தாள். வடக்கே ரீகா நகரத்திலிருந்து, இருப்பதிலேயே மலிவான விமானத்தில், முதுகில் ஒரு பையோடு வந்தவள். நான் அங்கே அரை வருடம் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழி. பனிக்காலம் முழுவதும் அவள் அம்மா வீட்டுச் சூப்பில்தான் உயிர் பிழைத்தேன். மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். சம்பளம் என்னுடையதை விடக் கொஞ்சம்தான் மேல். ஆகவே காபி பாதிப் பாதி, பேருந்து பாதிப் பாதி. வந்த அன்றே ரொட்டிக் கடையில் தன் பாதியை எடுத்து நீட்டினாள். அப்பா அந்தக் காசைப் பார்த்த பார்வை, கையில் யாரோ செத்த எலியை வைத்துவிட்டதைப் போல இருந்தது.

“வாழ்த்துகள்,” என்று அப்பாவிடம் கிரேக்கத்தில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. பெட்டியைத் திறந்து நீட்டினார்.

“ரெண்டு எடுத்துக்கச் சொல்லு. ஒல்லியா இருக்கு.”

குளிர்காலத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் ஏதென்ஸில் பாதிப் பேர் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அந்த மலையில்தான் இருப்பார்கள். மற்ற நாளில் டிக்கெட் விலையைப் பார்த்தால் எங்களுக்கு அது வெளிநாடு. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெட்டி உருட்டிக்கொண்டு வருகிற சுற்றுலாக்காரர்களுக்கென்று விலை வைத்த இடம் அது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“ஆரம்பிச்சிடாத,” என்றார் அப்பா. “விருந்தாளி இருக்கா.”

பளிங்குப் படியில் அவருடைய புது ஷூ வழுக்கியது. லியேனே ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், நான் இன்னொரு கையை. மேலே போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கோயிலை நோக்கித் திரும்பினார்கள். அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரைப் பார்த்தார்.

“அதோ பார், பட்டீசியோன் தெரு. நேரா மேல வந்தா நம்ம கிப்செலி. நம்ம வீடு அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால.”

“அப்பா, பின்னாடி இருக்கிறதையும் கொஞ்சம் பாரு.”

திரும்பினார். நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“இன்னும் சாரம் கட்டித்தான் வச்சிருக்கான். நான் வேலைக்குச் சேர்ந்தப்பவும் கட்டியிருந்தான். யாரு இந்த மேஸ்திரி?”

லியேனேவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் சிரித்த சிரிப்பில் அவருக்கு ஒரு வயது குறைந்தது.

காற்று கூராக அடித்தது. சுவரோரம் வெயில் பட்ட இடமாகப் பார்த்து ஒதுங்கினோம். லியேனே முதுகுப்பையைத் திறந்து, தாளில் சுற்றிய கறுப்பு ரொட்டியையும் புகையில் வாட்டிய பாலாடைக்கட்டியையும் எடுத்தாள்.

அப்பா முகம் மாறியது. “என்ன அது?”

“ரொட்டிப்பா. ஊர்லேருந்து கொண்டு வந்திருக்கா. செலவு மிச்சம்.”

“டிரிஃபோனஸ் வீட்டு விருந்தாளி மலைமேல உக்காந்து சொந்த ரொட்டியத் திங்கிறா. இதை டிப்போவில ஒருத்தன் பாத்தான்னா?”

அதற்குள் லியேனே பெரிய பாதியை அவரிடம் நீட்டிவிட்டாள். விருந்தாளி கொடுப்பதை மறுப்பதும் தப்பு. அப்பா மாட்டிக்கொண்டார். ஒரு கடி கடித்தார். மென்றார். இன்னும் மென்றார்.

“நல்லாருக்குன்னு சொல்லு.”

“நல்லாருக்கா?”

“செருப்பு மாதிரி இருக்கு. நல்லாருக்குன்னு சொல்லு.”

முழுவதையும் தின்றார். அதற்கு ஈடாகச் சாக்லேட் பெட்டி மறுபடி திறந்தது. லியேனே ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்தப் புனிதர் யார் என்று கேட்டாள். திராட்சைக் கொடிகளைக் காக்கிறவர் என்று அப்பா சொன்னார். ஒயின் குடிக்கிறவர்களையும் சேர்த்தே காப்பார் என்று தானாகக் கூட்டிக்கொண்டார்.

“உன் பேருக்கு என்ன அர்த்தம்?” என்று லியேனே என்னிடம் கேட்டாள். “இத்தனை நாள் பழக்கம், கேட்டதே இல்லை.”

ஆங்கிலத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. ஆகவே சொன்னேன்.

“ஸ்டமாத்தியா. நிறுத்துன்னு அர்த்தம். மூத்தது பொண்ணு, ரெண்டாவது பொண்ணு, மூணாவதா நான். இத்தோட நிறுத்துன்னு கடவுளுக்கு உத்தரவு போடுற பேர். ஊர்ல நிறையப் பேருக்கு இருக்கு.”

கூடச் சிரிப்பாள் என்று நினைத்தேன். இதைச் சொல்லும்போது நான் எப்போதும் முதலில் சிரித்துவிடுவது வழக்கம். அவள் சிரிக்கவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள். பள்ளியில் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்ட குழந்தையிடம் கேட்பாளே, அந்தக் குரலில், கோபமே இல்லாமல், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நேராக அவரையே கேட்டாள்.

“என்ன கேக்குது?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்ல.”

“என் மூஞ்சியப் பாத்துக் கேக்குது, ஒண்ணுமில்லையா? வெளிநாட்டுக்காரங்க பேசுறதை எனக்குச் சொல்லத்தானே உன்னை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வச்சோம். சொல்லு.”

சொன்னேன். அந்தக் கேள்வியை என் வாழ்நாளில் அவரிடம் நான் கேட்டதில்லை. வேறொருத்தியின் கேள்வி என்பதால் வாயில் வந்துவிட்டது.

அப்பா சாக்லேட் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினார்.

“ஆமா. பையன் வேணும்னு இருந்துச்சு,” என்றார். “பாதிரியார்கூட, வேண்டாம் டிரிஃபோனஸ், வேற பேர் வைன்னாரு. நான்தான் பிடிவாதமா நின்னேன். உங்கம்மா எத்தனையோ நாள் என்கூடப் பேசல.”

நான் மொழிபெயர்த்தேன். லியேனே தலையசைத்தாள், மேலே சொல்லுங்கள் என்பது போல.

“அப்புறம் இவ வளந்தா. இவ அம்மா வேலைக்குப் போற நாள்ல, வண்டியில என் சீட்டுக்குப் பின்னால உக்கார வச்சுக்குவேன். நிறுத்தம் வரதுக்கு முன்னாலேயே பேரைக் கத்துவா. ஏறுறவன் எல்லாம், யாரு டிரிஃபோனஸ் இந்த நடத்துநர்னு கேப்பான். பையன் இல்லையேன்னு அதுக்கப்புறம் எனக்கு ஒருநாளும் தோணல. ஆனா பேரை என்ன பண்றது? தொட்டிகிட்ட சொன்னா சொன்னதுதான். இதையும் சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட.”

சொன்னேன். கடைசி வரியில் ஆங்கிலம் எனக்குக் கொஞ்சம் தடுக்கியது.

“அதனாலதான்,” என்றார் அப்பா. இப்போது என்னைப் பார்த்துச் சொன்னார். “அவ்வளவு மட்டமா ஒரு பேர் வச்சும், நீ அடுத்த வாரம் ஊர் முன்னால நின்னு என் பேரைச் சொல்லப்போற. அதைக் கேக்கணும்னுதான் இருக்கேன்.”

இதற்கு மேல் மறைத்தால் நான் மனுஷியே இல்லை.

“சொல்லமாட்டேன்பா.”

“எதை?”

“உன் பேரை. ஞாயித்துக்கிழமை நான் ஃபீவோஸ்னு சொல்லப்போறேன்.”

காற்றில் டை அவர் முகத்தில் அடித்தது. பிடித்துக் கோட்டுக்குள் தள்ளினார்.

“மாப்பிள்ளை வேலையா?”

“இல்ல. அக்கா.”

“ஏன்?”

“என் பேருக்காக. நிறுத்துன்னு ஒரு பச்சக் குழந்தைக்குப் பேர் வச்ச மனுஷன் பேரை என் பிள்ளைக்கு வைக்கமாட்டேன்னு சொல்றா. எனக்குப் பேர் வச்ச அன்னைக்கு அவளும் அங்கதான் நின்னுக்கிட்டிருந்தாளாம். பெரிய புள்ளை அப்ப. அவளுக்குப் புரிஞ்சதாம்.”

அப்பா பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

உடனே விசில் சத்தம் காதைக் கிழித்தது. காவலாளி ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். “எழுந்திரிங்க பெரியவரே, அது கோயில் தூணோட கல். உக்காரக் கூடாது.”

அப்பா எழுந்தார். மன்னிப்புக் கேட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“பெயர்நாளா? வாழ்த்துகள்,” என்று அவள் ஒன்றை எடுத்துக்கொண்டாள். “பேர் என்ன?”

“டிரிஃபோனஸ்,” என்றார் அப்பா. அந்தப் பெயரை அவர் அவ்வளவு சன்னமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போக ஆரம்பித்தார்.

* * *

லியேனே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள், காசில்லாமல் பார்க்கக்கூடிய இடங்களாக. அதையெல்லாம் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டோம். அன்றைக்கு எங்கள் ஊர்சுற்றல் என்பது, ஒரு கோபக்கார மனிதரின் முதுகைத் தவறவிடாமல் கிப்செலி வரை போவது.

அவர் கையில் ஆயுளுக்கும் இலவசப் பேருந்து அட்டை இருக்கிறது. நிறுத்தத்தைத் தாண்டிப் போனார். மெட்ரோவையும் தாண்டிப் போனார். மொனஸ்திராக்கியில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தை. உடைந்த நாற்காலி, பொத்தான், யாரோ வீட்டுக் கல்யாணப் புகைப்படம். அதற்குள் புகுந்து போனார், நாங்களும் புகுந்து போனோம். கூட்டத்தில் ஒரு முறை ஆளைக் காணவில்லை. ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தபோது, எள் ஒட்டிய வளைய ரொட்டிகளைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு கம்பத்தடியில் நின்றார். ஒன்றை லியேனேவிடம் கொடுத்தார். இன்னொன்றை என் பக்கம் நீட்டினார், முகத்தை மட்டும் எதிர்க்கடையின் பக்கம் வைத்துக்கொண்டு.

லியேனே சில்லறையை எடுத்தாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு,” என்றார் கம்பத்தைப் பார்த்து, “இன்னும் ஒரு தடவை அந்தப் பர்ஸைத் திறந்தா கோபம் வந்துடும்னு.”

“வந்துதானேப்பா இருக்கு.”

மறுபடி நடை.

அதினாஸ் தெருவில் கறிச்சந்தை பூட்டியிருந்தது. வாசலில் நின்று, “இங்கதான் காலையில நாலு மணிக்கு முதல் வண்டி நிக்கும், ரத்தக் கறையோட ஏறுவானுங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு,” என்றார். ஒமோனியா சதுக்கத்தில் நீரூற்றைக் காட்டி, பந்தாட்டத்தில் ஜெயித்தால் இதில்தான் குதிப்பார்கள், ஒரு முறை இவரும் சீருடையோடு குதித்தார் என்று சொல்லச் சொன்னார். எல்லாம் காற்றிடம். எல்லாம் என் வழியாக. ஆனால் என்னோடு ஒரு வார்த்தை கிடையாது.

“உன் அப்பா நல்ல வழிகாட்டி,” என்றாள் லியேனே. “கட்டணமும் இல்லை.”

“கோபமா இருக்காரு.”

“தெரியுது. ஆனா சிக்னலைப் பார்.”

பார்த்தேன். முன்னால் போய்க்கொண்டே இருக்கிறவர், ஒவ்வொரு சாலையிலும் நடைபாதை ஓரத்தில் நிற்கிறார். வலது கையைப் பின்னால் நீட்டித் தடுக்கிறார், பள்ளிப் பிள்ளைகளைத் தடுப்பதைப் போல. பச்சை விழுகிறது, நாங்கள் அந்தக் கையருகே வந்து சேர்கிறோம், கையை எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு தடவைகூட எங்களை விட்டுவிட்டுக் கடக்கவுமில்லை.

“எங்க அப்பாவுக்குக் கோபம் வந்தா அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவார்,” என்றாள் லியேனே. “நாள் கணக்கில்.”

பட்டீசியோன் தெருவில் ஒரு டிராலி நடுவழியில் நின்றிருந்தது. கூரைமேலிருக்கும் கொம்புகளில் ஒன்று மின்கம்பியிலிருந்து கழன்று ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் கார்கள் கத்தின. ஓட்டுநர் இறங்கி, கயிற்றைப் பிடித்து அதை மறுபடி கம்பியில் மாட்டத் தடவிக்கொண்டிருந்தார். அப்பாவால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பெட்டியை லியேனே கையில் திணித்துவிட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தானும் பிடித்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து மாட்டினார்கள். ஒரு நீலப் பொறி தெறித்தது. வண்டிக்குள் விளக்கெரிந்தது.

“டிரிஃபோனஸ் அண்ணே,” என்றார் ஓட்டுநர். “இன்னைக்கு உங்க நாள்ல? வாழ்த்துகள். அடுத்த வாரம் பேரனுக்கும் உங்க பேராமே. டிப்போ பூரா அதான் பேச்சு.”

நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா கைகளைத் தட்டித் தூசியை உதறினார். நிதானமாக உதறினார்.

“பாக்கலாம்,” என்றார். “ஞாயித்துக்கிழமைதான் தெரியும்.”

* * *

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. மாடிப்படி வரைக்கும் கறி வாசனை. அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“நடந்தா வந்தீங்க?”

“காத்து நல்லாருந்துச்சு,” என்றார் அப்பா.

“ஷூவைப் பாத்தா அப்படித் தெரியல.”

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கூடத்தில் நாற்காலி போதவில்லை, கீழ்வீட்டிலிருந்து இரவல் வாங்கினோம். லியேனே தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள், எடுத்துக்கொண்டு போனாள். யார் எதைக் கொடுத்தாலும் தின்றாள், பர்ஸை ஒளித்தே வைத்துவிட்டாள். கடைசியில் அக்கா வந்தாள், இடுப்பில் குட்டிப்பயல், பின்னால் அவள் கணவர் யோர்தானிஸ் மாமா கேக்கோடு.

அக்கா என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

காபிக்கடை மந்தோஸுக்கு இரண்டு கிளாஸ் உள்ளே போனால் எழுந்து நிற்காமல் இருக்க முடியாது. எழுந்து நின்றார்.

“எல்லாரும் கிளாஸைத் தூக்குங்க. இன்னைக்கு ஒரு டிரிஃபோனஸுக்குக் குடிக்கிறோம். அடுத்த வாரம் ரெண்டு டிரிஃபோனஸுக்கு. ஏய் ஸஃபிரியா, அந்தப் புள்ளையை இங்க கொண்டா, பெரிய டிரிஃபோனஸ் மடியில சின்ன டிரிஃபோனஸை உக்கார வை. எல்லாரும் பாக்கட்டும்.”

அக்கா குட்டிப்பயலை இறுக்கிக்கொண்டாள். யோர்தானிஸ் மாமா கேக்கையே உற்றுப் பார்த்தார். வந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது, கிளாஸ்கள் மேலேயே நின்றன. அக்கா வாயைத் திறப்பது தெரிந்தது. அங்கேயே, அத்தனை பேர் முன்னால் சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளும் அப்பா பெண்தானே.

அப்பா எழுந்து அவளிடம் போனார். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மந்தோஸ், வயசாச்சே தவிர உனக்கு முறை தெரியல,” என்றார். “தொட்டிக்கு முன்னால புள்ளைக்கு ஏது பேரு? பேரு தாத்தனோடதும் இல்ல, பெத்தவங்களோடதும் இல்ல. ஞானத்தாய் வாயில இருக்கு. அவ சொல்றதுதான் பேரு. நான் ஒரு பேரை ஊர் பூரா முன்கூட்டியே கத்திக்கிட்டுத் திரிஞ்சேன், அது என் தப்பு. எதுவா இருந்தாலும் நான் முன் வரிசையில நிப்பேன். இப்போ குடி.”

“அதுவும் சரிதான்,” என்றார் மந்தோஸ், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. கிளாஸ்கள் முட்டின. அம்மா கறித்தட்டை மேஜைமேல் ஓங்கி வைத்தாள். அவள் சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான் வைப்பாள், கோபமாக இருந்தாலும் அப்படித்தான்.

* * *

சமையலறையில் அக்கா கழுவிய கிளாஸையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எப்படிச் சொன்ன?”

“வாயாலதான்.”

“விளையாடாத மாத்தூலா,” என்றாள். ஸ்டமாத்தியாவை வீட்டில் செல்லமாகச் சுருக்கினால் மாத்தூலா. “காரணத்தையும் சொன்னியா?”

“சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஆமான்னாரு. பாதிரியார் வேண்டாம்னு சொல்லியும் நான்தான் பிடிவாதமா நின்னேன்னாரு. சாக்குச் சொல்லல.”

குழாயை மூடினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவை இதைச் சொல்லியிருக்கலாம்ல. ஒரே ஒரு தடவை.”

“யாரும் கேக்கல. இன்னைக்கு லியேனே கேட்டா.”

“நல்ல பொண்ணு,” என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். “இப்போ எனக்கு ஒண்ணும் புரியல. ஃபீவோஸ்னு சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், அவரு முன் வரிசையில நிக்கிறது கண்ணுக்குத் தெரியுது. டிரிஃபோனஸ்னு சொல்லிப் பாக்குறேன், தொட்டிகிட்ட உன்னைத் தூக்கிட்டு நின்னாங்களே, அது தெரியுது.”

“முடிவு பண்ணு. எனக்கு ஒரு பேர் கொடு. போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்.”

“நான் பண்ணமாட்டேன். உன் பேருக்குத்தானே இந்தச் சண்டை. அப்பாவும் உன் கையில விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமை உன் வாயில என்ன வருதோ, அது.”

“அதெல்லாம் முடியாது. பெத்தது நீ.”

“படிச்சவ நீ,” என்றாள். ஈரக் கையோடு கூடத்துக்குப் போய்க் குட்டிப்பயலை வாங்கிவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

லியேனே துணியால் தட்டு துடைத்துக்கொண்டு மூலையில் நின்றிருந்தாள். ஒரு வார்த்தை புரிந்திருக்காது, எல்லாம் புரிந்த மாதிரிதான் நின்றாள். சுருக்கமாகச் சொன்னேன்.

“உனக்கு என்ன வேணும்?” என்றாள்.

இந்த வீட்டில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தேன், இருந்த இடத்தில் அது இல்லை. கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பளிங்கில் உட்கார்ந்ததற்கு ஒருத்தி விசில் ஊதிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் உட்கார்ந்தார் என்பதை விட்டுவிட்டார்.

குட்டிப்பயல் என் முகத்தை வெகுநேரம் ஆராய்ந்தான். பிறகு சாக்லேட் அப்பிய விரல்களால் என் கீழுதட்டைப் பிடித்து இழுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.